நிலவறையில் ஒலி அமர்வுகள்

மருத்துவப் பதிவு: மார்ச் 4, காலை 9:10

ஒலி அமர்வுகளின் முதல் சுற்று இன்று தொடங்குகிறது. பதிபவர்: மருத்துவர் பூங்கோதை. எனக்குப் பின் இங்கே வரும் மருத்துவருக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நிலவின் தரைக்கு அடியில், எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த ஒரு நீண்ட குகைக்குள் மூன்று பேர் இருக்கிறோம். நிலையத்துக்கு அரசு வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் ‘நிலவறை’ என்கிறோம். தலைவி யோகராணி, வவுனியாக்காரர், பாறையியல் படித்தவர். பொறியாளர் செபஸ்தியானுக்குத் தூத்துக்குடி. மின்சாரமும் தோண்டும் இயந்திரமும் அவர் பொறுப்பு. குகையைப் பக்கவாட்டில் குடைந்து புதிய அறை ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மூவருக்கும் தூக்கம் கெட்டுவிட்டது. பூமியிலுள்ள தரை மையம் அனுப்பிய மருந்து இதுதான்: மருத்துவ அறையின் அதிர்வுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். காதுக்கு வெண்கலக் கிண்ணங்களின் ரீங்காரம். அதற்கும் கீழே, காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு தாழ்ந்த ஒலி கட்டில் வழியாக முதுகில் ஏறும். அரை மணி நேரம்.

நேற்றைய சோதனை ஓட்டத்தில் ஒரு சிறு சிக்கல். கூரைப் பாறையில் பதித்திருக்கும் அதிர்வுமானிகள் கட்டிலின் அதிர்வை நிலநடுக்கம் என்று எண்ணி மணியடித்தன. அந்த ஒரு வகை அதிர்வை மட்டும் அவை கண்டுகொள்ளாதபடி மாற்றித் தருமாறு செபஸ்தியானிடம் கேட்டேன். மாற்றிக் கொடுத்தார்.

மார்ச் 6, மாலை 5:40

செபஸ்தியானின் இரண்டாம் அமர்வு. பத்தாவது நிமிடத்தில் கண்ணிலிருந்து நீர் வழியத் தொடங்கியது. பிறகு தோள் குலுங்கியது. நாடித்துடிப்பு சீராகவே இருந்தது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். எதை நினைத்து அழுதார் என்று விசாரித்தேன். நாள் முழுக்க ஏதாவது கிண்டல் பேசிக்கொண்டே வேலை செய்கிற மனிதர் அவர். முகத்தில் வெட்கமில்லை. வியப்புதான் இருந்தது.

“எனக்கு அழுகையே வரல டாக்டர். கண்ணுதான் பாட்டுக்கு அழுவுது. நான் சும்மா பாத்துட்டுக் கிடந்தேன்.”

இறந்தவர் யாராவது, பழைய வருத்தம் ஏதாவது என்று துருவினேன். அகப்படவில்லை. மறுநாள் காலை சேர்த்தது: இரவு ஒன்பது மணி நேரம் தூங்கினார். உடல் தளரும்போது அடைத்து வைத்தவை தாமாக வெளியேறுவது உண்டு, கவலை வேண்டாம் என்று தரை மையம் பதில் அனுப்பியது.

மார்ச் 7, முற்பகல் 11:15

யோகராணியின் முதல் அமர்வு. நான்காவது நிமிடத்தோடு முடிந்தது.

கிண்ண ஒலி வரை அமைதியாகப் படுத்திருந்தார். தாழ்ந்த ஒலி தொடங்கியதும் விரல்கள் விரிப்பைப் பற்றின. நான் பொத்தானைத் தேடுவதற்குள் கட்டிலை விட்டு இறங்கி, காதுக்கருவியைப் பிடுங்கிச் சுவரில் வீசிவிட்டார்.

“நிப்பாட்டுங்கோ. உடன நிப்பாட்டுங்கோ.”

ஒலி நின்ற பிறகும் கதவோரம் முதுகை ஒட்டி நின்றார். கை கால் சில்லிட்டிருந்தது. ஐந்து மாதமாக இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காற்றுக் குழாய் வெடித்த நாளில்கூட, தேநீர் கேட்பது போன்ற குரலில்தான் கட்டளைகள் சொன்னார். பிறகு வந்து, காதுக்கருவியை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

மார்ச் 8, இரவு 8:00

என்னுடைய அமர்வு. அழவில்லை, கோபம் வரவில்லை. ஆனால் படுக்க முடியவில்லை. கால்கள் எழச் சொல்கின்றன. அமர்வு முடிந்ததும் மருந்து அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன். பிறகு மறுபடியும்.

வாராந்தர அழைப்பில் ஓசூரிலிருக்கும் தங்கையோடு சண்டை போட்டேன். அவள் வீட்டுக்கு வண்ணம் அடிப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதற்குப் போய்ச் சீறினேன். அவள் பதிலுக்குச் சீறவில்லை. “அங்க உன் பக்கத்துல யாராச்சும் உட்காந்திருக்காங்களா அக்கா?” என்று கேட்டாள். அழைப்பைத் துண்டித்துவிட்டேன். இன்னும் நடந்துகொண்டே இருக்கிறேன். இதையும் நின்றபடிதான் எழுதுகிறேன்.

மார்ச் 11, காலை 7:30

யோகராணிக்கு அமர்வுகளை நிறுத்தி நான்கு நாளாகிறது. ஆனால் ஒலி நிற்கவில்லை என்கிறார். உண்ணும்போது தட்டிலிருந்து கையை எடுத்து மேசையில் பதித்துக் கவனிக்கிறார். சுவரில் நெற்றியை வைத்து நிற்கிறார். இரவில் காலணியோடு படுக்கிறார்.

நேற்று என்னை அழைத்து உட்காரவைத்துச் சொன்னார். போர்க்காலத்தில் அவர் குடும்பம் மண்ணுக்குள் வெட்டிய பதுங்கு குழியில் பல வாரம் இருந்திருக்கிறது. அவர் அப்போது குழந்தை. பின்னால் அதைப் பற்றி யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்ததாம்.

“எனக்கு அப்ப மூண்டு வயசு. ஒண்டும் ஞாபகமில்லை எண்டுதான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு வந்தனான். பொய்யில்லை, உண்மையாவே ஞாபகமில்லை. ஆனா உங்கட கட்டில்ல படுத்தன், முதுகுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.”

நான் கட்டிலைக் காரணம் காட்டினேன். ஒலி கிளறிவிட்டது, அடங்க நாளாகும் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். தான் சொல்வது பழையதைப் பற்றி இல்லை, இப்போது, இந்தத் தரையில், ஓர் அதிர்வு இருக்கிறது. அதை அடையாளம் காணத் தன் உடம்புக்கு இப்போதுதான் பழக்கம் திரும்பியிருக்கிறது என்றார்.

அதிர்வுமானிகளைப் பார்த்தேன். கோடுகள் தட்டையாக இருக்கின்றன.

மார்ச் 12, பிற்பகல் 2:50

யோகராணி கட்டளையிட்டார்: மூவரும் நிலவறையைக் காலி செய்து மேலே இறங்குகலத்துக்குப் போக வேண்டும், புதிய அறையின் கூரை இறங்கப் போகிறது.

தரை மையம் மறுத்தது. கருவிகள் எதையும் காட்டவில்லை, ஒருவருடைய உணர்வை நம்பி நிலையத்தைக் கைவிட முடியாது. பிறகு என்னைத் தனி இணைப்பில் அழைத்தார்கள். செய்தியை அப்படியே தருகிறேன்:

“டாக்டர், அவங்க தீர்மானம் எடுக்கிற நிலையில இருக்காங்களா இல்லையான்னு நீங்கதான் எழுத்துல சொல்லணும். இல்லைன்னா பொறுப்பிலேருந்து விடுவிச்சு ஓய்வு கொடுங்க.”

செபஸ்தியானிடம் கேட்டேன். யோகக்கா வெறுமனே சொல்கிற ஆளில்லை, ஒரு தடவை மேலே போய்விட்டுத் திரும்பி வந்தால் என்ன குறைந்துவிடும் என்றார். அது நியாயம்தான். ஆனால் நான்கு இரவு தூங்காத ஒரு பெண், தட்டையான கோடுகள். என் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்.

அவர் தீர்மானம் எடுக்கும் நிலையில் இல்லை என்று எழுத்தில் கொடுத்தேன். ஊசியும் போட்டேன். அவர் முரண்டு பிடிக்கவில்லை. மருந்து ஏறும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது என்ர தலைக்குள்ள இல்லை டொக்டர். நிலத்துக்குள்ள இருக்கு. உங்களுக்கும் தெரியும், அதாலதான் உங்களால ஒரு இடத்தில இருக்கேலாம இருக்கு.”

மருத்துவ அறையின் ஓரப் படுக்கையில் தூங்குகிறார். நாளை காலைவரை எழமாட்டார்.

மார்ச் 12, மாலை 6:25

வேகமாக எழுதுகிறேன்.

உட்கார முடியாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். யோகராணி கடைசியாகச் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியது. அதிர்வுக் கட்டிலின் மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவினேன். கம்பியின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டே கட்டிலில் மல்லாந்து படுத்தேன்.

கட்டில் அதிர்ந்தது.

மிக மெல்ல. விட்டு விட்டு இல்லை, தொடர்ச்சியாக. அமர்வில் கேட்ட அதே தாழ்ந்த ஒலி.

செபஸ்தியான் வெளியே, குகை வாயிலில் தோண்டும் இயந்திரத்தில் இருந்தார். அதிர்வுமானிகளில் நான் மாற்றச் சொன்னதை உடனே நீக்கச் சொன்னேன். கட்டிலின் அதிர்வைக் கண்டுகொள்ளாதே என்று அவற்றுக்குச் சொல்லியிருந்தோம். கூரைப் பாறையும் ஏறக்குறைய அதே கதியில் அதிர்ந்தால் அதையும் விட்டுவிடும் என்று நானும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. நீக்கினார். பிறகு அவர் குரல்:

“டாக்டர், கோடு மேல போயி முட்டிட்டு நிக்கி. ஒரு வாரமா இருந்திருக்கு. அக்காவைத் தூக்கிட்டு வெளிய வாங்க. இப்பமே.”

நிலவின் ஈர்ப்பில் ஒரு பெண்ணைத் தூக்குவது எளிது. தூங்குகிற உடம்புக்கு விண்வெளி உடை மாட்டுவது எளிதில்லை. மருந்தை முறிக்கும் ஊசி போட்டிருக்கிறேன். ஒரு கை நுழைத்தாகிவிட்டது. மற்ற

நேரம் பார்க்கவில்லை

மருத்துவ அறையிலிருந்து குகை வாயிலுக்குப் போகும் இடைவழி விழுந்துவிட்டது.

சத்தம் அவ்வளவு பெரிதில்லை. மேசை நகர்கிற சத்தம் போல நீண்டு, நின்றது. அறைக் கதவு தானாக மூடிக் காற்றைக் காத்துக்கொண்டது. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. கூரையிலிருந்து உதிர்ந்த தூசி அந்த வெளிச்சத்தில் மெல்ல மெல்ல இறங்குகிறது, தரைக்கு வரவே மனமில்லாதது போல.

நானும் யோகராணியும் உள்ளே. செபஸ்தியான் வெளியே, பத்திரமாக இருக்கிறார். இறங்குகலமும் பத்திரம். காற்று நாளை நண்பகல்வரை வரும். தலைக்கவசம் தவிர இருவருக்கும் உடை மாட்டிவிட்டேன், அதிலுள்ள காற்று இன்னும் சில மணி நேரம் வரும்.

தரை மையம் பேசுகிறது, நிறையப் பேசுகிறது. உதவிக்கலம் வர வாரக்கணக்காகும் என்பதுதான் அதன் சாரம்.

அதற்குப் பிறகு

செபஸ்தியான் சொன்னது:

“ரெண்டு பேரும் கேக்கியளா? கையால தோண்டுனா நாலு நாளாவும். மெஷின்ல தோண்டுனா விடியறதுக்குள்ள வந்துருவேன். ஆனா மெஷின் போட்டா மேல உள்ள பாறை ஆடும். ஆடுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாது. அதான் கேக்கேன். நீங்க சொல்லுங்க, நான் செய்யுதேன்.”

கடைசி வார்த்தைகளில் அவர் குரல் உடைந்தது. இந்த முறை எதற்காக என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பாறையைப் பற்றித் தெரிந்தவர் என் மடியில் தலைவைத்து அரைத் தூக்கத்தில் கிடந்தார். அவரை எழுப்பி உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். கூரை விழுந்ததை. கம்பி உருவிய கட்டில் அதிர்ந்ததை. எழுத்தில் நான் கொடுத்ததை. கேட்டு முடித்ததும் அவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். பிறகு எந்தப் பக்கமிருந்து தோண்ட வேண்டும், எங்கே நிறுத்தி எங்கே மறுபடி தொடங்க வேண்டும் என்று செபஸ்தியானுக்குச் சொல்லத் தொடங்கினார். தேநீர் கேட்கும் அதே குரல். நா மட்டும் கொஞ்சம் குழறியது.

இயந்திரம் ஓடினால் இந்த அறை முழுக்க அந்த ஒலிதான் இருக்கும், விடியும்வரை நிற்காது, தாங்குவீர்களா என்று கேட்டேன்.

“தாங்கேலாது. தோண்டச் சொல்லுங்கோ.”

பதிவுக்காக: யோகராணியைப் பொறுப்பிலிருந்து விடுவித்து நான் எழுதிக்கொடுத்தது தவறு. அதை ரத்து செய்கிறேன். நிலவறையின் தலைவி அவர்தான். இது அவருடைய கட்டளை.

இயந்திரம் தொடங்கியது

தரை, சுவர், பல், எல்லாம் அதிர்கிறது. விரல் வேறு எழுத்தில் விழுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல் மூலையில் ஒரு விரிசல். முன்பு இருந்ததா தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நீளுகிறதா. இல்லை. நீளுகிறதா.

அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. செபஸ்தியான் ஒவ்வொரு சில நிமிடமும் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். யோகராணி பதில் சொல்கிறார், இன்னும் இடப்பக்கம், கொஞ்சம் பொறுங்கோ, இப்ப தொடங்குங்கோ. சொல்லி முடித்ததும் மறுபடி நடுங்குகிறார். மருந்து கொடுக்க முடியாது. கொடுத்தால் வழி சொல்ல ஆளில்லை.

இப்போது என் பக்கம் திரும்பினார். குரல் மிகச் சின்னதாக இருந்தது.

“இப்பதான் ஞாபகம் வருது. சத்தம் வரேக்க அம்மா என்ர காதைப் பொத்திக்கொண்டு இருப்பா. ரெண்டு கையாலயும். முடியிறவரைக்கும் எடுக்கமாட்டா.”

பொத்திவிடச் சொல்லிக் கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்.

ஒரு கையால் முயன்று பார்த்தேன். மற்றதால் எழுத்து வருகிறது. ஆனால் அவருடைய இன்னொரு காது திறந்தே இரு