சைலன்சரில் பூசிய மீன் எண்ணெய்

இன்று காலை காசிமேட்டில் ஒரு விசைப்படகின் பலகைக்கு மீன் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். வாடை மூக்கில் ஏறியதும் நடுவழியில் நின்று சிரித்துவிட்டேன். மீன் கூடையோடு போன அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ போய்ச் சேர்ந்தபின் உன்னை நினைத்து அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம், மாமு.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குப் பெண் பார்க்க, தோஸ்து என்று நீயும் கூடவர, புளியந்தோப்புக்குப் போனோமே, அந்தக் கதைதான். கடலுக்குப் போகிறவனுக்குப் பெண் இல்லை என்று அதற்கு முன்பே சில வீடுகளில் கைவிரித்திருந்தார்கள். இந்த முறை தரகர் உஷாராக, மாப்பிள்ளைக்கு எண்ணூரில் கம்பெனி வேலை என்று சொல்லிவைத்திருந்தார். கம்பெனிக்காரன் பஸ்ஸில் வந்து இறங்கலாமா என்று உன் மோட்டார் சைக்கிளை எடுத்தாய். யாரையும் தொடவிடாத வண்டி அது.

உப்புக்காற்றில் அதன் குரோம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, ஹேண்டில்பார், மட்கார்டு, சைலன்சர் என்று பொறுமையாகத் தேய்த்தாய். சோப்புத் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்தாய். முகம் பார்த்துத் தலை வாரலாம் போல மின்னியது. அதோடு விட்டிருக்கலாம். மறுபடி துரு ஏறக்கூடாது என்று, படகுக்கு வைத்திருந்த மீன் எண்ணெயை எடுத்து மொத்தமாகப் பூசிவிட்டாய்.

"கடல்லயே போட்டைக் காப்பாத்துது. ரோட்டுல வண்டியைக் காப்பாத்தாதா? கம்முனு இரு மாமு" என்றாய். நானும் கம்மென்று இருந்தேன். நம் இரண்டு பேர் மூக்குக்கும் அது ஒரு வாடையே இல்லை.

ராயபுரம் தாண்டுவதற்குள் சைலன்சர் சூடேறி எண்ணெய் புகைந்தது. புளியந்தோப்பில் நுழைந்தபோது தெருவெல்லாம் மத்தி வறுக்கும் வாசனை. பெண் வீட்டு வாசலில் நிறுத்தியதும் பூனைகள் வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டன. தரகர் முகத்தில் ஈயாடவில்லை.

பெண்ணின் அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இன்னா மாப்ளே, கம்பெனில மீனா வறுக்குறாங்கோ?"

இந்த வீடும் போச்சு என்று நினைத்தேன். நீதான் முன்னே வந்தாய். "இல்ல நைனா. இவன் போட்டுல போறவன். கம்பெனின்றது புளுகு. வண்டி கூட என்னுது. பையன் மட்டும்தான் அசலு."

கதவுக்குப் பின்னாலிருந்து, அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. "மீன் வாடை கழுவுனா போயிடும் நைனா. பொய்யி இப்பவே போயிடுச்சு. இன்னும் இன்னா கீது?" என்று கேட்ட அந்தக் குரலோடுதான் இத்தனை வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

திரும்பும்போது, "பாத்தியா, எண்ணெய் வேலை செஞ்சுச்சு" என்று தெருவெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாயே, எத்தனை சந்தோஷம் உனக்கு!

போன வாரம் என் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான். ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்ததிலிருந்து வியர்த்துக்கொண்டே இருந்தான். "மெய்யாலுமே இன்னா வேலை தம்பி?" என்றேன். தலையைக் குனிந்தான். "வூடு வூடா சாமான் டெலிவரி பண்றேன் மாமா. அவளுக்குத் தெரியும். உங்களாண்ட சொல்லத்தான் பயம்."

சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவன் பக்கம் பேச உன்னைப் போல ஒரு தோஸ்து வந்திருக்கவில்லை. பெண்ணைப் பெற்ற நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றேன். "பையன் அசலு" என்றேன்.