இன்ஷா அல்லா

12.8.91, திங்கள்

மில்லில் இன்று செல்விக்கு விசாரணை. பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் விரல் நசுங்கியது அவள் கவனக்குறைவு என்று முடிவானால் வேலை போய்விடும். பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னது மேனேஜர்தான். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் நான்.

சனிக்கிழமையே வந்து கேட்டாள். "பாய், நீங்க வந்து உள்ளதச் சொல்லணும்."

"இன்ஷா அல்லா" என்றேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று என் வீட்டில் தெரியும். சைக்கிள் கேட்ட பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் அப்போதே அழ ஆரம்பித்துவிடுவார்கள். முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாத இடத்திலெல்லாம் 'அல்லா நாடினால்' என்று அவன் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். ஐந்து வேளை தொழுகிற வாய் இது.

இன்று லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கைக்கட்டோடு செல்வி நிற்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஒடம்புக்கு என்ன பாய்? அல்லா பேரச் சொன்னவுக வராம இருக்க மாட்டாக, என்னமோ ஆயிப்போச்சுன்னு ஆபீஸ்ல அழுதேன். புதன்கிழமைக்குத் தள்ளி வச்சிருக்காக. வந்துருவீகள்ல?"

பழக்கத்தில் அதே வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"வாரேன்" என்றேன். இந்த முறை நிஜமாகவே.

அவள் முகம் வாடிவிட்டது.

"ஏன் பாய், இன்னைக்கு அல்லா பேரச் சொல்லலையே?"