சோதனைப் பெட்டியில் காய்ந்த காலுறை

மார்ச் 3, செவ்வாய்

பித்தப்பைக் கல்லுக்காக அக்கா மகள் இன்று வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு அக்கா. பிரார்த்தனை வானொலி இரண்டு வாரத்துக்கு என் பொறுப்பு.

அவள் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். வயது நாற்பத்தொன்று, எனக்கு இன்னும் பாப்பாதான். மின்சாரக் கம்பெனியில் பெரிய வேலையை உதறிவிட்டு, பாதி பக்தியும் பாதி செம்புக்கம்பியுமாக இந்த நிலையத்தைத் தன் கையாலேயே கட்டினாள். டிரான்ஸ்மிட்டரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பாள் அக்கா.

எனக்கு மட்டும் என்ன குறைச்சல்? முப்பது வருடம் மின்விசிறிக்குக் காயில் சுற்றியவன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை முழுசாகப் படித்தவன்.

"மாமா, எல்லாம் எழுதி சுவத்துல ஒட்டியிருக்கேன். டிரான்ஸ்மிட்டர்ல இருக்கிற அந்தக் கைப்பிடிய மட்டும் தொட்டுறாதீங்க."

"யாருகிட்ட சொல்ற?" என்றேன்.

இருபதாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. கேட்க ஆளே இல்லை, மூடிவிடலாம் என்கிறார் தலைவர். நேயர் கடிதம் வந்தால் பிழைக்கும். இதைச் சொல்லும்போது பாப்பாவுக்குக் குரல் கம்மியது. கல் வலியாக இருக்கும்.

மார்ச் 5, வியாழன்

சாதனை நாள்.

டிரான்ஸ்மிட்டர் முகத்தில் ஒரு ஊசி. ஆண்டெனா கம்பத்துக்கு அனுப்பிய மின்சாரத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுமாம். காற்றடித்தால் அதற்கு உதறல். பாப்பா ஆறு வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறாள். நான் கைப்பிடியைக் கீழே தள்ளினேன். ஊசி பூஜ்யத்தில் படுத்தது. அவ்வளவுதான், அசைவே இல்லை! என் கைவானொலியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கணீர்.

சுவரில் ஒட்டிய தாளைப் படிக்கலாம் என்றால் மூக்குக்கண்ணாடி வீட்டில். இனி எதற்கு?

மார்ச் 6, வெள்ளி

மழை. மூலையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இளஞ்சூடாக இருக்கிறது. காலுறையைப் போட்டேன், இருபது நிமிடத்தில் அப்பளம். இத்தனை நாள் இதை வீணாக்கியிருக்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

பதிவு செய்த பிரார்த்தனைகள் தீர்ந்தன. மாலை ஆறே காலுக்கு நானே நேரடியாகச் செய்தேன். நோயாளிகளுக்காக, பயணிகளுக்காக, தூக்கம் வராதவர்களுக்காக. நடுவே என் வாழ்க்கையிலிருந்து சில சம்பவங்களும் சேர்த்தேன். நான் ஒற்றைக் கையால் மின்னலைத் திருப்பியது உட்பட.

மார்ச் 10, செவ்வாய்

பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "கடிதாசி ஏதாச்சும் வந்துச்சா மாமா?"

"குவியுதும்மா" என்று வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். இப்போது நான் குவித்தாக வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

இருபத்திமூன்று கடிதம். வலது கை, இடது கை, ஒன்று வாயில் பேனா. பிழைகள் வேண்டுமென்றே போட்டவை (சில தானாகவும் வந்தன). மலையுச்சியில் ஒரு விதவை. சிறையில் ஒரு சமையல்காரர். நடுக்கடலில் ஒரு மாலுமி. 'புயலிலும் தெளிவாகக் கேட்டது, நங்கூரத்தை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டோம்' என்று அவன் எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்தேன். மாலுமிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

மார்ச் 14, சனி

கேட் இடுக்கில் ஒரு கடிதம். எழுதியது நானில்லை! பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தையல்காரம்மா. 'எந்த நிலையத்தைத் திருப்பினாலும் உங்கள் ஆள்தான் வருகிறார். தன் பெருமையை நிறுத்தச் சொல்லவும்.'

மீதியைப் படிக்கவில்லை. மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்தேன். மேஜை இப்போது ஆடுவதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பாப்பா வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே டிரான்ஸ்மிட்டர் அறைக்கு. ஊசியைக் காட்டினேன். அவள் பார்த்தது காலுறையை.

"மாமா... இந்தப் பெட்டி ஏன் சூடா இருக்கு?"

"எப்பவும் அப்படித்தானே?"

"இது சோதனைப் பெட்டி. கைப்பிடி மேல இருந்தாத்தான் கம்பத்துக்குப் போகும். கீழ தள்ளினா அத்தனையும் இதுக்குள்ள போயி சூடாகும். அதான் ஊசி ஆடல!"

பன்னிரண்டு நாள். நான் பெட்டிக்குப் பிரார்த்தனை செய்திருக்கிறேன். கைவானொலியில் கேட்டது? பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தால் அதன் கசிவே எந்த வானொலியிலும் கேட்குமாம்.

"அப்போ அந்த மாலுமி?" என்றாள். ஊர் தாண்டி அவள் காதுக்கும் போயிருக்கிறது.

"கடல்ல காத்து சுத்தம்மா..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியல. அவ திட்டியிருந்தாக்கூடத் தேவல. கைப்பிடியை மேலே தள்ளிட்டு அப்படியே உக்காந்துட்டா. நான் என்னத்துக்கு எழுதினேன்? அவளுக்காகத்தானே? இல்ல, எனக்காகவா?

மார்ச் 18, புதன்

பேசவில்லை. சோறு போட்டாள், ஆனால் பேசவில்லை.

சாயங்காலம் பேனா உருண்டதென்று குனிந்தவள், மேஜைக்காலடியிலிருந்து கடிதத்தை எடுத்தாள். நான் படிக்காத பாதியைச் சத்தமாகப் படித்தாள்:

'ஆனால் வியாழக்கிழமை தூக்கம் வராதவர்களுக்கான பிரார்த்தனையை விட்டுவிட்டார். அதற்காகத்தான் நான் மிஷினை நிறுத்திவிட்டு உட்காருகிறேன். அதை மட்டும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.'

வியாழன் நான் கடிதம் எழுதும் அவசரத்தில் இருந்தேன். உண்மைதான், விட்டுவிட்டேன்.

"பெட்டிக் கசிவு பின்சுவரத் தாண்டிப் போயிருக்கு. கேட்டிருக்காங்க மாமா" என்றாள். 'கேட்டிருக்காங்க' என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

குழு. ஏழு பேர். பாப்பா கண்ணைக் காட்டினாள். எழுந்து நின்று, இருபத்திமூன்றும் நான் எழுதியது என்றேன். இதுவரை எந்த ஊரிலும் யாரும் இவ்வளவு கம்பீரமாக ஒப்புக்கொண்டதில்லை.

தலைவர் முகம் சிவந்தது. "யோவ், அந்த மாலுமிக்காக நான் தினமும் முட்டி போட்டேன்யா!"

"வீண் போகலீங்க. எனக்கு முதுகுவலி குறைஞ்சிருக்கு."

பாப்பா என்னை உட்காரவைத்தாள். பிறகு அமைதியாகக் கேட்டாள். "பன்னெண்டு நாள் நம்ம நிலையமே காத்துல இல்ல. உங்க ஏழு பேர்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும். (பேரிங் போயிருக்கிறது, எண்ணெய் விடச் சொல்ல வேண்டும்.)

"நாங்க நிர்வாகம்மா" என்றார் தலைவர். "கேக்குறது எங்க வேலையில்லையே."

அவள் தையல்காரம்மாவின் கடிதத்தை முழுக்கப் படித்தாள், என்னைத் திட்டிய பகுதி உட்பட.

"ஒரே ஒரு ஆளா?" என்றார் தலைவர்.

"கம்பத்துக்கே போகாம ஒரு ஆள் சார். போனா எத்தனை பேருன்னு பார்க்க வேண்டாமா?"

ஆறு மாதம் கொடுத்தார்கள். அதற்குள் கடிதம் வரவேண்டும், அசலாக.

மார்ச் 31, செவ்வாய்

கைப்பிடி மேலே. ஊசி ஆடுகிறது. தூக்கம் வராதவர்களுக்கான பிரார்த்தனையை நான் வாசிக்கிறேன், மின்னல் கதை இல்லாமல். பாப்பா பக்கத்திலேயே நிற்கிறாள்.

தபால்காரர் வந்து போனார். ஒன்றுமில்லை. நானும் எழுதவில்லை.

காலுறை இன்னும் ஈரம்.