ரோஸியின் நகமும் மூன்றாம் ஓலையும்

சேசு மரி சூசை

பினாங்கு,
ஞாயிறு, 15 ஏப்ரல் 1934

அன்புள்ள பெர்னார்ட் அத்தானுக்கு ஆலிஸ் எழுதுவது,

நானும் அம்மாவும் சுகம். கூலிமில் உங்கள் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் தந்த ரோஸிதான் சுகமில்லை. அதனால்தான் இந்த அவசரக் கடிதம்.

காலைப் பூசையில் நம்முடைய முதல் கலியாண ஓலையை வாசித்தார்கள். "கூலிம் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி பெர்னார்டுக்கும், இந்தப் பங்கு அமலம்மாள் மகள் ஆலிஸுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை அறிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று சுவாமியார் சொன்னதும், பின்வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் கிசுகிசுவென்று சிரித்தன. முக்காட்டுக்குள் எனக்கும் சிரிப்பு. இன்னும் இரண்டு ஞாயிறு இப்படி உட்கார்ந்திருக்க வேண்டுமாம்!

வீட்டுக்கு வந்து அரைமணி ஆகியிருக்காது. ரிக்‌ஷா மணியைக் கேட்டு ரோஸி வாசலுக்குப் பாய்ந்தாள். சாக்கடை மூடியின் கம்பிக்குள் முன்கால் நகம் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்த இழுப்பில் நகம் பாதியில் ஒடிந்து தொங்கியது. அப்பப்பா, ஒரு நகத்துக்குள் இவ்வளவு ரத்தமா! தரையெல்லாம் சிவப்புப் பூவாகக் கால்தடம். ஓலை வாசித்த அன்றே வீட்டில் ரத்தமா என்று அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஹபீபா பீவிதான் காப்பாற்றினார்கள். நாயைத் தொடமாட்டார்கள், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அதிகாரம் மட்டும் பலமாக வந்தது. "மொதல்ல வாயக் கட்டு புள்ள! வலியில பெத்த தாயயும் கடிக்கும்லா. துணிய வச்சி அமுக்கு. எடுத்து எடுத்துப் பாத்தா ரத்தம் எப்படி நிக்கும்?" பிறகு வெற்றிலைப் பெட்டியிலிருந்து காசுக்கட்டியை எடுத்து இடித்துத் தூளாக்கிச் சுவர்மேல் வைத்தார்கள். அதை நகக்கண்ணில் அப்பி, என் பழைய காலுறையை மாட்டிக் கட்டினேன். ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் தொங்குகிற துண்டு அப்படியே இருக்கிறது. தொட்டால் அலறுகிறாள்.

இனி என்ன செய்ய? நாய் வளர்க்கிறவர் நீங்கள்தானே. உடனே எழுதுங்கள்.

உங்கள்
ஆலிஸ்


கூலிம் தோட்டம்,
செவ்வாய், 17 ஏப்ரல் 1934

என் பிரியமுள்ள ஆலிஸுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது "சுகமில்லை" என்ற சொல்தான், என் நெஞ்சு நின்றேவிட்டது. அத்தைக்கோ உனக்கோ என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் நாய்க்கு நகமாம்! எங்கள் ஆபீஸ் பையன்கூடச் சிரித்தான்.

பயப்படாதே. குறடால் பிடித்து ஒரே இழுப்பு இழுத்துவிடு. கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ஒரு தொடு தொட்டால் ரத்தமும் நிற்கும், சீழும் பிடிக்காது. கொஞ்சம் கத்தும், அவ்வளவுதான். நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். உனக்குக் கை நடுங்கினால் யாராவது ஆண்பிள்ளையைக் கூப்பிடு. மாட்டு டாக்டரிடம் மட்டும் போய்விடாதே. சும்மா இருக்கிற நாய்க்கு நூறு நோய் சொல்லுவான்.

இங்கேயும் ஓலை வாசித்தாகிவிட்டது. தோட்டத்தில் எல்லாரும் "மாப்பிள்ளைக் கிராணி" என்று கூப்பிடுகிறார்கள். உனக்காகக் கட்டில் சொல்லியிருக்கிறேன், தேக்கு. நீ தூங்கினால் குறட்டை விடுவாயா என்று தச்சன் கேட்டான், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பதில் எழுது!

மே இரண்டாம் தேதி வரைக்கும் நாள் நகரவே மாட்டேன் என்கிறது.

உன்
பெர்னார்ட்


சேசு மரி சூசை

பினாங்கு,
வியாழன், 19 ஏப்ரல் 1934

அன்புள்ள அத்தானுக்கு,

குறட்டை விடமாட்டேன் என்று தச்சனிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்து அம்மாவே சிரித்தாள்.

கம்பியைக் காய்ச்ச எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி என்று பள்ளி விட்டதும் ரோஸியை மாட்டு டாக்டரிடம் தூக்கிப்போனேன். அவர் ஒரு கத்தரியால் தொங்கின துண்டை நறுக்கென்று எடுத்துவிட்டார். மருந்து போட்டுக் கட்டினார். ஈரம் படக்கூடாது, காலை மாலை உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கட்டவேண்டும், வீக்கம் கண்டால் உடனே கொண்டுவர வேண்டும். நகம் வளர மாதக்கணக்கு ஆகுமாம். காயம் பெரிதில்லை என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக வந்திருப்பேன். மற்ற மூன்று காலையும் எடுத்துப் பார்த்தார். எல்லா நகமும் வளைந்து நீண்டிருக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன், ஜாதி நாய்க்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "மண்ணில் நடக்கிற நாய்க்கு நகம் தன்னால் தேயும். இது பெட்டிக்குள்ளேயே நின்ற நாய். எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். பரிசாக வந்தது என்றேன். பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார். ஆறு வயதுக்குக் குறையாது, பருவம் தவறாமல் குட்டி போட்டிருக்கிறது, இன்னொரு தடவை போட்டால் தாய் தங்காது என்றார்.

பாஸ்குத் திருநாளுக்கு நீங்கள் கொண்டுவந்து விட்டபோது ஒரு வயது, கன்னி நாய் என்றீர்களே. டாக்டர் வேறு நாயைப் பற்றிப் பேசுகிறாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. பார்த்தால் என் மடியில் இருப்பது ரோஸிதான்.

எது நிஜம் அத்தான்? நீங்கள் சொன்னால் நம்புவேன்.

ஆலிஸ்


கூலிம் தோட்டம்,
சனி, 21 ஏப்ரல் 1934

பிரியமுள்ள ஆலிஸுக்கு,

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ அதற்கு டாக்டரையும் வைத்துவிட்டாய்!

சரி, ஒளிக்கவில்லை. ரோஸிக்கு வயது கொஞ்சம் கூடத்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள், நான் சொன்னது ஒன்றுதான். கிழட்டு நாயைக் கொண்டுவந்தான் மாப்பிள்ளை என்று அத்தை முகம் சுளிக்கக் கூடாதே என்று சொன்னது. உன் விரலில் இருக்கிற மோதிரம், நான் சொல்லிவைத்திருக்கிற கட்டில், எல்லாம் ரோஸி பெற்ற குட்டிகள் கொடுத்தவை. அவளை உன்னிடம் தந்தது நன்றிக்கு. போன வருஷம் அவள் சினைப்படவே இல்லை, சரி, ஓய்வாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இப்போது ஒரு சங்கடம். போன வாரம் என் இன்னொரு பெட்டை நாய் ஃப்ளாஸி குட்டி போடும்போது செத்துப்போயிற்று, குட்டிகளும் போச்சு. பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கு பாக்ஸ் டெரியர் ஜாதிக் குட்டி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னால் எனக்குப் பெரிய கிராணி வேலை கிடைக்கும். நமக்குத் தனி பங்களா, ஆலிஸ்! ரோஸி மாதக் கடைசியில் பருவத்துக்கு வருவாள். போன தடவை பிடிக்கவில்லை என்றால் இந்தத் தடவை பிடிக்கலாம். ஒரே ஒரு ஈற்றுக்கு அவளை அனுப்பிவை. பிறகு காலம் முழுக்க உன் மடியில் கிடக்கட்டும்.

டாக்டர் சொன்னதைப் பெரிதாக எடுக்காதே. நாய்க்குப் பிரசவம் புதிதா?

உன்
பெர்னார்ட்


சேசு மரி சூசை

பினாங்கு,
திங்கள், 23 ஏப்ரல் 1934

அத்தானுக்கு,

நேற்று இரண்டாம் ஓலை வாசித்தார்கள். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடை அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று சொன்னபோது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பொய் சொன்னதை மன்னித்துவிட்டேன். மனமாரச் சொல்கிறேன், அது போகட்டும். ஆனால் இன்னொரு ஈற்றுக்கு ரோஸி தாங்கமாட்டாள் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஃப்ளாஸி செத்ததையும் அதே தாளில் எழுதி, இவளை அனுப்பு என்று கேட்கிறீர்களே, எப்படி அத்தான் கை வந்தது? ஃப்ளாஸி எத்தனை நாள் கஷ்டப்பட்டாள் என்றுகூட ஒரு வரி இல்லை.

ரோஸி இப்போதுதான் நடக்கக் கற்றுக்கொள்கிறாள். நிஜமாகத்தான் சொல்கிறேன். வந்த புதிதில் புல்லில் இறக்கிவிட்டால் காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். அது செல்லம் என்று நினைத்துச் சிரித்தேன். பெட்டியை விட்டு மண்ணை மிதித்தே அறியாத கால் என்று இப்போதுதான் தெரிகிறது.

ரோஸியை அனுப்பமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் எத்தனை நாய் பெட்டியில் இருக்கிறது? அவற்றைத் திறந்துவிட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, இந்தத் தொழிலை நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். கட்டில் வேண்டாம், பங்களா வேண்டாம். பாயில் படுப்பேன். உங்கள் சம்பளத்தில் கஞ்சி குடிப்பேன். இதற்குமேல் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்.

நாய்க்காகக் கலியாணத்தில் வம்பு வளர்க்கிறாயா, ஊர் சிரிக்கும் என்று அம்மா திட்டுகிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

ஆலிஸ்


கூலிம் தோட்டம்,
புதன், 25 ஏப்ரல் 1934

பிரியமுள்ள ஆலிஸுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். டீச்சரம்மா என்னைப் பெஞ்சியில் ஏற்றிவிட்டாள்! சரி, இறங்கிக்கொள்கிறேன்.

எத்தனை நாய் என்று கேட்டாய். வந்து நீயே எண்ணிக்கொள். பெட்டியில் வைக்காமல் என்ன செய்வேன், சொல்? காலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணப் போகிறவன் இருட்டியபின் வருகிறேன். அவிழ்த்துவிட்டால் கண்ட நாயோடு சேர்ந்து ஜாதி கெட்டுப்போகும். வீட்டில் ஒரு ஆள் இல்லாத குறைதான் எல்லாம். உண்மையைச் சொல்கிறேன், பெண் பார்க்க வந்த அன்று உனக்கு நாய் என்றால் பிரியம் என்று அத்தை சொன்னாளே, அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவள்தான் நமக்குச் சரி என்று. நீ பள்ளியை விட்டு வந்துவிட்டால் சோறு வைக்க, கழுவ, குட்டி போடும்போது கூட இருக்க ஆளாயிற்று. நீ பார்க்கிற பார்வையில் ஒன்றுகூடச் சாகாது. பிறகு நிறுத்துவானேன்?

துரையிடம் கொடுத்த வாக்கை மீற முடியாது. சனிக்கிழமை பகல் பெரிப் படகில் பெட்டியோடு வருகிறேன். ரோஸியைக் கட்டிவை. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் சண்டை வேண்டாம். ஒரு வாரத்தில் ரோஸியும் நீயும் என் வீட்டுக்குத்தானே வரப்போகிறீர்கள். யார் முதலில் வந்தால் என்ன?

உனக்குப் பிடித்த லட்டு வாங்கி வருகிறேன். சிரித்துக்கொண்டு கதவைத் திற.

உன்
பெர்னார்ட்


சேசு மரி சூசை

பினாங்கு,
சனி, 28 ஏப்ரல் 1934
(கையில் கொடுக்க)

திரு. பெர்னார்ட் அவர்களுக்கு,

இதைச் சுவருக்கு மேலாக உங்களிடம் நீட்டுகிறவர் ஹபீபா பீவி. நாங்கள் வீட்டில் இல்லை. கட்டு மாற்ற டாக்டரிடம் போயிருக்கிறோம். நேரில் நின்று சொல்லத் தைரியம் இல்லாமல் இல்லை. நேரில் பார்த்தால் நீங்கள் என்னைச் சிரிக்கவைத்துவிடுவீர்கள். நானும் சிரித்துக்கொண்டே ரோஸியைத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். பிறகு நானும் வந்துவிடுவேன். அந்தப் பயம்தான்.

உங்கள் புதன்கிழமைக் கடிதத்தில் கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வரி கேட்டேன். வீட்டில் ஆள் இல்லாத குறை என்று எழுதினீர்கள். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்து எத்தனை தரம் வெட்கப்பட்டிருக்கிறேன்! நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நேற்று மாலை சுவாமியாரிடம் போனேன். தடை சொல்ல மணப்பெண்ணே வந்திருக்கிறாள் என்று கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா தடை? ரத்த உறவா, வேறே யாருக்காவது வாக்குக் கொடுத்தாரா?" என்றார். "நாய் நகம், சாமி" என்றேன். சிரித்துவிட்டார். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு ஓலை வாசிக்கமாட்டார். உங்கள் பங்குக்கும் எழுதுகிறேன் என்றார்.

கலியாணத்துக்காகக் கொடுத்திருந்த என் ராஜினாமாவைப் பள்ளியில் மதரிடம் திரும்பக் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒரு மூச்சு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, வரத்தான் செய்தது, உங்கள்மேல் எனக்கு ஆசை இல்லாமலா மோதிரம் போட்டுக்கொண்டேன்? ஆனாலும் ரிக்‌ஷாவில் ரோஸியைத் தானே மடியில் வைத்துக்கொள்வதாகவும், எனக்குக் கட்டுப் பிடிக்கத் தெரியாது என்றும் அம்மா ஹபீபா பீவியிடம் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை.

லட்டை ஹபீபா பீவி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பெட்டிகளைத் திறக்கச் சொல்லும் உரிமை எனக்கு இனி இல்லை. இருந்தும் கேட்கிறேன், திறந்துவிடுங்கள்.

நீங்கள் எனக்குக் கொடுத்தது இரண்டு. மோதிரம் இந்த உறைக்குள் இருக்கிறது. ரோஸியைத் தரமாட்டேன். கொண்டுவந்த பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆலிஸ்