சாய்வெழுத்தும் கட்டமும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாதி ஆட்டத்தில் எழுந்து வந்துவிட்டேன். டாலிகஞ்சிலிருந்து எங்கள் கடலோர ஊரான வண்டூர் வரும்வரை பஸ்ஸில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு எரிச்சல்.

ஞாயிறுதோறும் டாலிகஞ்சில் குணா வீட்டு மாடியறையில் நாங்கள் நாலு பேர் ஆடுகிற ஆட்டம். குணா கதையை நடத்துவான். நான், உமா மகேஸ்வரி, மார்ட்டின் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, இன்னது செய்கிறேன் என்று சொல்வோம். முடியுமா முடியாதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஒன்றரை வருடமாக நான் வேலாயி. கடலோடி. அந்தக் குலத்தை எடுத்ததே ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் இருந்த ஒரு வரிக்காக: கடல் இவர்களுக்குத் தாய்மடி, எந்த நீரோட்டமும் இவர்களை ஏமாற்றாது.

இன்று ஆட்டத்தில் இரண்டு தீவுகளுக்கு நடுவே எங்கள் படகு கவிழ்ந்தது. குணா நீந்து என்றான். உருட்டினேன், தோற்றேன். மறுபடியும் தோற்றேன். இன்னொரு தடவை தோற்றால் வேலாயி சாவாள். "அவ கடலோடி, குணா. புக்லயே இருக்கு" என்றேன்.

"அரே யார்" என்று வழக்கம்போல இந்தியில் ஆரம்பித்தான் குணா. "அது சாய்வெழுத்துல இருக்கு. சும்மா ஃப்ளேவர், அழகுக்கு எழுதினது. கட்டம் போட்டு இருக்கிறதுதான் ரூல். கட்டத்துல நீச்சலைப் பத்தி ஒண்ணுமே இல்ல."

ஃப்ளேவராம்! போன மாதம் அவனுடைய பூதத்தைப் பற்றி 'கண்டவர் குலைநடுங்குவர்' என்று சாய்வெழுத்தில் இருந்ததை வாசித்துக் காட்டி, பகடையே உருட்டாமல் மார்ட்டினின் வீரனை ஓட வைத்தானே? அப்போ எந்தக் கட்டத்தப் பாத்தானாம்? அவன் பூதத்துக்கு ஒரு நியாயம், என் வேலாயிக்கு ஒரு நியாயம். கேட்டதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்றாவது தடவை உருட்டாமலே கிளம்பினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

படகு டிக்கெட் கவுண்டரில் இன்று ஒரு குடும்பம் அடையாள அட்டை இல்லாமல் வந்து சண்டை. "பாய் சாப், ரூல் ஹை", விதி விதிதான் என்று நானே சொன்னேன். சொன்ன வாயோடு குணா ஞாபகம் வந்து இன்னும் கோபம்.

ஆனால் அது டிக்கெட். இது உயிர். இல்லாத ஒருத்தியின் உயிருக்கு ஏன் இப்படிக் கிடந்து துடிக்கிறேன்? மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஆனால் என்னை யாரும் தொழிலுக்குப் படகில் ஏற்றியதில்லை. மார்ட்டின் என் சித்தப்பா மகன், என்னைவிடச் சின்னவன். அவனைச் சிறு வயதிலேயே ஏற்றினார்கள். பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு என்றார்கள். கடலில் எனக்கென்று இருப்பது வேலாயி ஒருத்திதான். அவளும் போய்விட்டால் நான் கவுண்டர்க்காரி மட்டும்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

உமாவின் மெசேஜ்களுக்குப் பதில் போடவில்லை. போட மாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடப் போகவில்லை. உமா போனில் பிடித்துவிட்டாள். "குணா சொல்றதும் கொஞ்சம் சரிதானே, ஷீபா? என் மந்திரவாதிக்கு 'மரணத்தை அறியாதவள்'னு போட்டிருக்கு. அதையும் எடுத்துக்கிட்டா நான் சாகவே மாட்டேன். அப்புறம் பகடை எதுக்கு?"

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அதற்கும் சேர்த்துக் குணா மேல்தான் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

மார்ட்டின் வீட்டுக்கு மீன் கொடுக்க வந்தான். இப்போது சுற்றுலாப் படகில் வேலை. நீரோட்டத்தை எங்கள் ஆட்கள் நீவாடு என்பார்கள். "நீவாடு தெரிஞ்சவன் முங்க மாட்டான்னு எவன்க்கா சொன்னான்? எப்ப இறங்கக் கூடாதுன்னு தெரியும். அவ்ளோதான்."

இவனும் அந்தக் கட்சியா என்று எரிந்து விழுந்தேன். பிறகு யோசித்தால், எனக்கு வேண்டியதும் அதுதான். வேலாயி பலசாலி என்று எங்கும் எழுதவில்லை. கடலைத் தெரிந்தவள் என்றுதான் எழுதியிருக்கிறது. தெரிந்ததற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குணா வண்டூருக்கே வந்துவிட்டான். கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று நன்றாகக் கத்தினேன்.

"உன் புக்ல கடல் ஏறுதா வத்துதான்னே இல்லடா! ஏத்தவத்தமே இல்லாத கடல் எந்த ஊர்ல இருக்கு? அத எழுதினவன் கடலப் பாத்தானா? நீ தீவுலயே பொறந்தவன்தானே, உனக்குமா தோணல?"

குணா பையிலிருந்து நோட்டை எடுத்தான். "டீக் ஹை, சரி. அப்ப நாமளே ரூல் எழுதுவோம்" என்றான்.

எழுதினோம். ஆடுகிற நேரத்தில் வண்டூர்க் கடல் எப்படியோ, ஆட்டத்துக் கடலும் அப்படி. ஏற்றமானால் நீந்துகிறவர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். வற்றமானால் சின்னதைத்தான் எடுக்க வேண்டும். ஏற்ற வற்ற நேரம் போட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்கும் உரிமை கடலோடிக்கு மட்டும். மற்றவர்கள் இறங்கித்தான் தெரிந்துகொள்ளவேண்டும். கட்டத்தைக் குணாவே ஸ்கேல் வைத்துப் போட்டான். பூதம் விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று அமாவாசை. மார்ட்டினுக்குப் படகில் வேலை. மத்தியானம் குணா வீட்டில் மற்ற மூன்று பேரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். வேலாயி கையில் படகின் உடைந்த பலகை ஒன்று. அட்டவணையைப் பார்த்தேன். பலமான வற்றம், கடல் வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது. பலகையைப் பிடித்தபடி ஏற்றம் வரும்வரை மிதந்தால் போதும், பகடையே தேவையில்லை. பிழைத்துவிடுவாள்.

உமாவின் மந்திரவாதி கொஞ்ச தூரத்தில் முங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது கடைசித் தடவை.

பலகையை அவளிடம் தள்ளிவிடுகிறேன் என்றேன். உமா, "ஏய், வேணாம்" என்றாள். தள்ளினேன். இரண்டு பகடையும் உருட்டினேன். பதினேழு, நாலு. வற்றத்துக்கு நாலுதான் கணக்கு, வேலாயி முங்கிவிட்டாள்.

குணாதான் ஆரம்பித்தான். "அரே, ஆனா வேலாயி கடலோட பொண்ணு இல்லையா... கடல் அவள அப்படியே விட்ருமா? ஒரு பெரிய அலை வருது, அவளத் தூக்கிக் கரையில..."

எனக்கு வந்ததே கோபம்! "அது எந்தக் கட்டத்துல இருக்கு, குணா?"

பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். உமா அழுதாள். நான் அங்கே அழவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையிலேயே குணா போன். மீனவர் யாராவது வேலாயியை உயிரோடு கண்டெடுத்ததாக வைத்துக்கொள்ளலாமாம். என்ன தைரியம் இவனுக்கு! வற்றம் என்று தெரிந்துதான் கையை விட்டாள். தெரிந்து செய்ததை இல்லையென்று ஆக்க இவன் யார்? அன்னிக்கு வாழ விடல, இன்னிக்குச் சாகவும் விட மாட்டேங்கிறான். கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, யாரு தவறினது?"

"வேலாயி."

எந்த வேலாயி என்று அம்மா கேட்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, "கடல்லயா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.