மே மரத்தை அப்பா ஒளித்துவைத்த கதை

அன்புள்ள குயிரினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் மானத்தைத் தவிர. நியூசிலாந்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லுவார், அதனால்தான் கடிதம்.

மே முதல் தேதி வர்ணம் பூசி ஊர் நடுவில் கம்பமாக நிறுத்தவேண்டிய மரத்தை அதுவரை காக்கும் பொறுப்பு இந்த வருஷம் நம் மர ஆலைக்கு வந்தது. "என் ஆலையிலேர்ந்து எவன் தூக்கிருவான்?" என்று அப்பா பீர்க்கடையில் மார்தட்டிவிட்டு வந்தார். பக்கத்து ஊர் ஹாஸ்ல்பாக்காரர்கள் வழக்கம்போல் அதைத் திருடிவிட்டால் பீரும் பன்றி வறுவலும் கொடுத்துத்தானே மீட்கவேண்டும், அந்த அவமானம் நம் வீட்டுக்கு வரக்கூடாதென்று அவர் செய்த காரியத்தைக் கேள். கொட்டகையில் பழைய மரமொன்றைத் தார்ப்பாயில் சுற்றிப் படுக்கவைத்து ஊர் இளவட்டங்களைக் காவல் வைத்தார், அவர்களும் பீர் குடித்துக்கொண்டே அந்த உளுத்த கட்டையைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். இன்னும் வர்ணம் பூசாத நிஜ மரத்தையோ, முற்றத்தில் அறுக்கக் கிடந்தவற்றோடு சேர்த்துப் போட்டுவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை, உன் அக்கா சென்ஸியிடம்கூட. இத்தனை வருஷமாக ஆலையை ஓட்டுவது அவள்தான், ஆனாலும் அப்பாவுக்கு அவள் தற்காலிகம், நீ திரும்பி வந்து பொறுப்பேற்பாய் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பயந்துதானே நீ கிறிஸ்துமஸுக்குக்கூட வராமல் சாக்குச் சொல்கிறாய். எனக்கு அது எவ்வளவு வருத்தமென்று இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

வியாழக்கிழமை அப்பா முற்றத்தில் போய்ப் பார்த்தால் அந்த நிஜ மரத்தைக் காணோம். நேரே ஹாஸ்ல்பாக்குக்கு வண்டியை விட்டு, அவர்கள் தீயணைப்புப் படைத் தலைவர் லோரென்ஸிடம், "சரிப்பா, தூக்கிட்டீங்க. என்ன வேணும், சொல்லித் தொலைங்க" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் திருடவே இல்லை. ஆனால் லோரென்ஸ் லேசுப்பட்ட ஆளா? சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அஞ்சு பீப்பா பீரு, ரெண்டு முழுப் பன்னி" என்றாராம். அப்பா பேரம் பேசி நான்கு பீப்பாய்க்கு முடித்து வெற்றிவீரராக வீடு வந்தார். சாப்பாட்டு மேஜையில் அதைக் கேட்டதும் சென்ஸி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா, அந்த மேற்கு மூலைக் குவியல்லயா போட்டீங்க? அத நான் திங்கக்கெழமையே அறுத்துட்டேனே! ஹாஸ்ல்பாக் தீயணைப்பு நிலையத்துக் கூரைக்கு உத்தரமாப் போயிருச்சு" என்றாள். நம் லாரியிலேயே ஏற்றி, நாமே கொண்டுபோய் இறக்கியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

ஆனால் ஊர்க்கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. "பொம்பளகிட்ட ரம்பத்தக் குடுத்தா இப்படித்தான், கொர்பினியன். பையன வரச் சொல்லு" என்று ரொட்டிக்கடை அலோய்ஸ் அப்பாவைப் பார்த்துக் கத்தினான். சென்ஸி எழுந்து, "அறுத்தது நான்தான்" என்று மட்டும் சொன்னாள். அன்றும் அப்பா வாய் திறக்காவிட்டால் அவள் ஆலையை விட்டே போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். அவர் பீர்க் குவளையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். "யோவ் அலோய்ஸ், வாய மூடு. ஒளிச்சது நான். ஆலைய ஓட்டுறவகிட்டயே சொல்லாம ஒளிச்சது என் தப்பு. பையன எதுக்கு வரச் சொல்லணும்? மொதலாளி இங்கயே நிக்கிறா" என்றார். அந்த வாரமே இருவரும் நோட்டரியிடம் போய் ஆலையை அவள் பேருக்கு எழுதிவிட்டார்கள். புது மரத்தை லோரென்ஸ்தான் மனமிரங்கித் தங்கள் காட்டிலிருந்து வெட்டித் தந்தார், பீர் மறுபடியும் ஐந்து பீப்பாய் ஆகிவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா எட்டிப் பார்த்தார். "குயிரினுக்கா? இனிமே அவன் சும்மா வரலாம்னு எழுது. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். அவனப் பாக்கணும் போல இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, சளி பிடித்ததுபோல மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டார். சளியெல்லாம் இல்லை.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். அக்காவுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல், மறந்துவிடாதே. டிக்கெட் எடுத்ததும் அப்பாவிடம் நீயே சொல்.

உன் வரவுக்கு வழிபார்த்திருக்கும்
அம்மா ரோஸ்வித்தா