பத்து மில்லிசெகண்ட் பைய

ஜூன் 8, திங்கள்

காலையிலேயே புழுதிக்காற்று. சாரல் தென்காசியோடு நின்றுவிட்டது. மேலப்பாளையத்துக்கு வெறும் மண்தான்.

வேலை: மருந்து ஏற்றும் பம்பை இயக்கும் டிரைவர் நிரல். புது மாடல். ஒரே இடத்தில் இரண்டு பக்கம் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் பூட்டுகள் சரியா என்று பார்த்து வெள்ளிக்குள் ஒப்புதல். நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து போகும் பம்பு. விளையாட்டுச் சாமான் இல்லை.

எழுதியது சங்கர், சேரன்மகாதேவிக்காரர். முதல் பக்கத்திலேயே குமட்டல்.
– பூட்டைப் போடுகிறது. பிழை வந்தால் திறக்காமலே ஓடிவிடுகிறது.
– தூங்கவே கூடாத இடத்தில், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம்.
– இன்னும் பாதி பாக்கி.

குளியலறைத் தாழ்ப்பாள் போய் மூன்று வாரம். வாப்பா செருமிவிட்டு நுழைகிறார். மனைவி ரஹ்மத்: "மச்சான், இன்னைக்காச்சும் அதை மாத்துங்களேன்." நாளை.

ஜூன் 9, செவ்வாய்

கண்டேன் மகா அசிங்கத்தை. நர்ஸ் அளவை மாற்றும்போதும், மோட்டார் மருந்தைச் செலுத்தி முடித்தபோதும், இரண்டு பக்கமும் நினைவகத்தின் ஒரே இடத்தில்தான் எழுதுகின்றன. ஒருவர் எழுதும்போது மற்றவர் தொடாதபடி பூட்டு வேண்டும். பூட்டு இல்லை. பதிலாகப் பத்து மில்லிசெகண்ட் காத்திருப்பு. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒரே சொல்: பைய.

பைய! எங்கள் ஊர்ப் பேச்சில் 'மெதுவாக'. அவசரப்படாதே, அந்தப் பக்கம் முடிக்கட்டும் என்று அர்த்தமாம். முடிக்காவிட்டால்? 'செலுத்தியாயிற்று' என்று மோட்டார் எழுதியது அழியும். மறுபடி முதலிலிருந்து செலுத்தும். தாழ்ப்பாள் போடாமல் செருமிவிட்டு நுழைகிற கதை.

எனக்கு முன்னால் பார்த்தவர் சென்னை நித்யா. கேட்டேன். "நான் 'பையா'ன்னு படிச்சேன். யாரையோ திட்றாங்கன்னு விட்டுட்டேன்." தூ.

குழுவில் திருநெல்வேலிக்காரர் இரண்டே பேர், சங்கரும் நானும். அப்புறம் என்ன சந்தேகம்? எல்லோரும் பார்க்கக் குறிப்பு எழுதினேன்: 'இதை எழுதியவர் இனி பம்பு பக்கமே வரக் கூடாது.' எழுதியதும் நல்ல பசி. மூன்று புரோட்டா.

ஜூன் 10, புதன்

மாதாந்திர மின்தடை. மடிக்கணினியில் உயிர் இல்லை. வியர்வை நாற்றம். சங்கர் போன்.

"என்ன வே, பத்துப் பேரு பாக்க இப்படியா எழுதுவீரு?"

"பின்ன? 'பைய'ன்னு எழுதி வச்சா மாலையா போடுவாங்க?"

"தொறக்காத பூட்டு, தூங்குத பூட்டு ரெண்டும் என் தப்பு, ஒத்துக்கிடுதேன். அந்தப் பைய என்னுது இல்ல வே. பழைய பம்புல இருந்து அப்படியே எடுத்தேன். அங்கன பேரு கெடக்கு, பாரும்."

வைத்துவிட்டார். சாக்கு. மாட்டிக்கொண்டால் எல்லோரும் சொல்வதுதான்.

ஜூன் 11, வியாழன்

மின்சாரம் உண்டு. பழைய நிரலைத் திறந்தேன். அதே வரி. அதே பைய. எழுதியவர் பெயர்: என்னுடையது.

ஆறு வருடம் முன்னால், நிக்காஹ்வுக்கு முந்தின வாரம். பூட்டுப் போட்டால் திரை உறைந்தது. இப்போதைக்கு இது, கல்யாணம் முடிந்து சரிசெய்யலாம் என்று வைத்தேன். வைத்ததே மறந்துபோயிற்று.

அலமாரியில் பழைய பம்பு ஒன்று இருந்தது. நர்ஸ் பொத்தானை விடாமல் அழுத்துவது போல நிரல் எழுதி, மதியம் லுஹருக்குப் பிறகு ஓடவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன்: திரையில் 2 மி.லி., குவளையில் 4.

போன வருடம் வாப்பாவின் ஆபரேஷனில் கட்டில் பக்கத்தில் நின்றது இதே மாடல் பம்பு. ரஹ்மத்திடம் பெருமையாகக் காட்டினேன், உள்ளே ஓடுவது நான் எழுதியது என்று. அருவருப்பாக இருக்கிறது. சங்கர் மேல் இல்லை.

மேலாளர் ராகவ்: "பழசை யாருங்க கேட்டது? புதுசைத் திருத்தி அப்ரூவ் பண்ணுங்க, போதும்."

ஜூன் 12, வெள்ளி

காற்று இல்லை. ஜும்ஆவுக்கு முன்னால் முடித்தவை:
– தாழ்ப்பாள். (வாப்பா இன்னமும் செருமுகிறார்.)
– புது நிரல் நிராகரிப்பு.
– செவ்வாய்க் குறிப்பின் கீழே, அதே பத்துப் பேர் பார்க்க: 'அந்த வரி நான் எழுதியது.'
– ஓடிக்கொண்டிருக்கும் பழைய பம்புகளை நிறுத்தச் சொல்லி, எங்களிடம் நிரல் வாங்கும் பம்பு கம்பெனிக்கு மடல். சோதனை வீடியோவோடு. ராகவுக்கு நகல்.

சங்கர்: "பம்பு பக்கமே வரக் கூடாதுன்னு எழுதினீரே, அதையாவது அழிச்சிரும் வே."

"அது கெடக்கட்டும் வே."

ராகவ் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. பம்பு கம்பெனியிலிருந்து ஒரு வரி பதில்: எவ்வளவு காலமாக இப்படி?

ஆறு வருடம் என்று தட்டினேன்.